சிசிலித் தீவு: எப்போது போகலாம், எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியதரைக் கடல் தீவுகளுக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, பதில்களோடு இங்கே வைத்திருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த தீவு சிசிலி. பலெர்மோ நகரில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் குடும்பம் இருப்பதால் பலமுறை போய்வர வாய்த்தது. யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் அந்த மாதத்தில் என்ன விழா என்று பாருங்கள், அப்புறம் சந்தை எங்கே என்று பாருங்கள், அதற்குப் பிறகு அறை தேடுங்கள். பெரும்பாலோர் அறையில்தான் தொடங்குகிறார்கள். அதனால்தான் கடற்கரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

இத்தனை தீவுகள் இருக்க, ஏன் சிசிலி?

மூன்று நாள் நீந்திவிட்டு வெயிலில் படுத்திருந்துவிட்டு வந்தால் போதும் என்றால் சிசிலி வேண்டாம். மால்டாவோ சின்னக் கிரேக்கத் தீவு ஒன்றோ அதற்கு வசதி. சிசிலி பெரியது. மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு, சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அரை நாள் ஆகும்.

சாப்பாட்டுக்காகவும் விழாவுக்காகவும் போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கிரேக்கர்கள், ரோமர்கள், அரேபியர்கள், நார்மன்கள், ஸ்பானியர்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் அடுப்படியில் ஏதாவது விட்டுச் சென்றிருக்கிறார்கள். அரேபியப் படை 827இல் மசாரா அருகே கரையிறங்கி, 831இல் பலெர்மோவைப் பிடித்தது. அவர்கள் காலத்தில் வேரூன்றிய எலுமிச்சையும் கரும்பும் வாய்க்கால் பாசனமும் இல்லாமல் இன்றைய சிசிலி இனிப்புக் கடை கிடையாது. நார்மன்கள் ஆண்ட 1154ஆம் ஆண்டில் புவியியலாளர் அல் இத்ரீசி, பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் நூல் போன்ற மாவுப் பண்டம் செய்து கப்பல் கப்பலாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதினார். உலர்ந்த பாஸ்தாவைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர். கடல் நீர் அக்டோபர் பாதி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். ஜூலையும் ஆகஸ்டும் கடுமையான வெயில். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராக்கூசா அருகே 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவிலேயே இதுவரை பதிவானவற்றில் அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது. நம்மூர் வெயில் பார்த்த உடம்பு தாங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். நிழலே இல்லாத கல் தெருக்களில் பகல் இரண்டு மணிக்கு நடப்பது வேறு விஷயம்.

குளிர்காலத்தில் கூட்டம் இல்லை, வாடகையும் குறைவு. ஆனால் கடலோரச் சிற்றூர்களில் பாதிக் கடை மூடியிருக்கும். பழைய கல் வீடுகள் உள்ளே ஜில்லென்று இருக்கும், வெளியே வெயில் அடித்தாலும்.

ஆகஸ்ட் 15 அன்று எல்லாம் மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. அந்த நாளுக்குப் பெயர் ஃபெரகோஸ்தோ. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்து ஓய்வு நாட்களில் தொடங்கி, பிறகு மாதா விண்ணேற்புத் திருநாளோடு சேர்ந்துவிட்ட விடுமுறை. இத்தாலி முழுவதும் அந்த வாரம் கடற்கரைக்கோ மலைக்கோ போய்விடும். சிசிலியில் 14ஆம் தேதி இரவே இளைஞர்கள் கடற்கரையில் கூடி, தீ மூட்டி, விடிய விடிய உட்கார்ந்து நள்ளிரவில் கடலில் குளிப்பார்கள்.

இது தெரியாமல் ஒருமுறை 15ஆம் தேதி மதியம் பலெர்மோவில் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் சாப்பிட்டிருக்கலாம், ஊருக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான்கு தெரு சுற்றினேன், எல்லாக் கடைக்கும் இரும்புக் கதவு இறக்கியிருந்தது. கடைசியில் நண்பரின் மனைவி அனுப்பிய புளிச்சாதம்தான் காப்பாற்றியது. ஆகவே அந்த வாரம் போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யுங்கள், முந்தின நாளே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள்.

எந்த விழாவை ஒட்டிப் போகலாம்? விழாவுக்கு என்று தனிச் சாப்பாடு உண்டா?

உண்டு. சிசிலியில் தேதியைச் சொன்னால் அன்று வீட்டில் என்ன வேகிறது என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது, எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 3 முதல் 5 வரை கத்தானியாவில் சாந்தா அகதா விழா. வெள்ளை அங்கியும் கறுப்புத் தொப்பியும் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் நீண்ட வடங்களைப் பிடித்து, புனிதையின் வெள்ளித் தேரை இழுப்பார்கள். கையில் ஆள் உயர மெழுகுவர்த்தியோடும் பலர் நடப்பார்கள். மெழுகு உருகி வழிந்து தெருவெல்லாம் வழுக்கும், தரையைப் பார்த்து நடக்க வேண்டும். அந்த நாட்களில் கடைகளில் பாதாம் மாவில் செய்த பச்சை நிற ஆலிவ் வடிவ மிட்டாயும், புனிதை மார்பு அறுக்கப்பட்டு வதைக்கப்பட்டதை நினைவுகூரும் வட்ட வெள்ளைக் கேக்கும் வைத்திருப்பார்கள். முதல் முறை அந்தக் கேக்கின் கதையைக் கேட்டபோது எனக்குச் சாப்பிடவே மனம் வரவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது வேண்டுதல் பண்டம்.

மார்ச் 19 புனித யோசேப்பு நாள். சலேமி போன்ற ஊர்களில் ரொட்டியிலேயே பூ, பறவை, சூரியன், ஏணி, ஆணி, சுத்தியல் எல்லாம் செய்து, மிர்த்தில் இலையும் எலுமிச்சையும் ஆரஞ்சும் தொங்கவிட்டுப் பீடம் கட்டுவார்கள். வேண்டிக்கொண்ட குடும்பம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளை வரவழைத்து அன்று விருந்து வைக்கும். இறைச்சி கிடையாது. பாஸ்தா மீது பாலாடைக்கட்டிக்குப் பதிலாக வறுத்த ரொட்டித் தூள் தூவுவார்கள், யோசேப்பு தச்சர் அல்லவா, அது மரத்தூளாம்.

பெரிய வெள்ளிக்கிழமை என்றால் திராபானிக்குப் போங்கள். இயேசுவின் பாடுகளைக் காட்டும் இருபது சுருபத் தொகுதிகளைத் தோளில் சுமந்து, வெள்ளி மதியம் கிளம்பி மறுநாள் பிற்பகல்தான் கோயிலுக்குத் திரும்புவார்கள். சுமப்பவர்கள் ஒரு தாளத்துக்கு இடமும் வலமுமாக அசைந்தபடி நடப்பார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, கூட்டம் மெலிந்தபின் பார்ப்பது தனி. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ஊரே வெளியே போய் அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிடும். கூனைப்பூவை, ஆர்ட்டிசோக் என்று கடையில் எழுதியிருப்பதை, பூண்டும் உப்பும் ஆலிவ் எண்ணெயும் திணித்துக் கனலுக்குள் புதைத்துச் சுடுவார்கள். வெளி இதழ் கரிந்துவிடும், உள்ளே இருப்பது வெண்ணெய் போல இருக்கும்.

நவம்பர் 2 இறந்தோர் நாள். முந்தின இரவு வீட்டில் இறந்தவர்கள் வந்து குழந்தைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவதாக நம்பிக்கை. விடிந்ததும் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடுவார்கள். பலெர்மோ இனிப்புக் கடைகளில் அந்த வாரம் மார்த்தொரானா பழங்கள் நிரம்பியிருக்கும். எல்லாம் பாதாம் மாவும் சர்க்கரையும்தான், ஆனால் அத்திப்பழத்தின் வெடிப்பும் மாதுளையின் முத்தும் அப்படியே இருக்கும். மார்த்தொரானா கோயிலை ஒட்டிய மடத்துக் கன்னியர்கள் செய்ததால் அந்தப் பெயர். தாத்தா, பாட்டி வைத்துவிட்டுப் போன பண்டம் என்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

டிசம்பர் 13 சாந்தா லூச்சியா நாள். பஞ்சத்தில் வாடிய ஊருக்குத் தானியக் கப்பல் வந்து சேர்ந்தது, அரைக்கக்கூடப் பொறுக்காமல் மக்கள் கோதுமையை அப்படியே வேகவைத்துச் சாப்பிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. அதனால் அன்று பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். நாள்கணக்கில் ஊறவைத்த முழுக் கோதுமையை வேகவைத்து, இனிப்பு ரிக்கொத்தா, அதாவது மென்மையான பாலாடைக்கட்டி, கலந்து கிண்ணத்தில் கொடுப்பார்கள், பெயர் குச்சீயா. மற்றபடி அன்று முழுக்க, உள்ளே பூரணம் வைத்துப் பொரித்த அரிசி உருண்டைதான்.

பலெர்மோவில் தமிழர்கள் கொண்டாடும் புனிதை யார்?

சாந்தா ரொசாலியா. பலெர்மோவின் காவல் புனிதை. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது, நகரை ஒட்டிய பெல்லெக்ரீனோ மலையில் அவரது எலும்புகள் கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்தபின் நோய் தணிந்ததாகவும் நம்பிக்கை. 2024இல் நானூறாவது ஆண்டைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 இரவு கப்பல் வடிவத் தேர் பேராலயத்தின் பக்கமிருந்து பழைய கடைத்தெரு வழியாகக் கடற்கரை நோக்கி வரும். நாற்சந்தியில் தேர் நின்றதும் நகர மேயர் ஏறிப் பூ வைத்து, "வாழ்க பலெர்மோ, வாழ்க சாந்தா ரொசாலியா" என்று குரல் கொடுப்பார். பிறகு வாணவேடிக்கை. அன்று தெருவெங்கும் வேகவைத்த நத்தை, தர்ப்பூசணி, அவித்த சோளக்கதிர், வறுத்த கொண்டைக்கடலை, பூசணி விதை.

இலங்கையில் போர் நடந்த காலத்தில் வந்து குடியேறிய தமிழர்கள் பலெர்மோவில் நிறைய. இந்துக்களும் கத்தோலிக்கர்களுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் மலையேறிப் போவது நகரத்தாருக்குப் பழகிப்போன காட்சி. நானும் நண்பர் குடும்பத்தோடு போனேன். கோயில் ஒரு குகை. மேற்கூரைப் பாறையிலிருந்து சொட்டும் தண்ணீர் ஆளின் தலையில் விழாமல், வளைந்து நெளிந்த தகரக் கால்வாய்களில் இறங்கி ஓரமாகச் சேர்கிறது. பொன் ஆடை போர்த்திச் சாய்ந்து படுத்திருக்கும் சிலையைக் கண்ணாடிக்குப் பின்னே பார்க்கலாம். நண்பரின் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், அந்த நீரில் கொஞ்சம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மலைமேல் ஒரு தெய்வம் கிடைத்துவிட்டது என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

செப்டம்பர் 4 புனிதையின் திருநாள். முந்தின இரவிலிருந்தே பலர் வெறுங்காலோடு மலை ஏறுவார்கள். மற்ற நாட்களில் நகரப் பேருந்து மேலே வரை போகும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

சமாளிப்பது என்ன, நன்றாகவே சாப்பிடலாம். ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

முதலில் பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லி இலையும் போட்டு, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கை வலிக்கும் வரை கிளறினால்தான் பதம் வரும். கெட்டியானதும் மெல்லிசாகப் பரப்பி, ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் ஒரு வண்டிக்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எள் தூவிய உருண்டை ரொட்டியை ஒரே வெட்டில் பிளந்து, நான்கைந்து துண்டை உள்ளே அடுக்கி, எலுமிச்சையைக் கையாலேயே பிழிந்து, தாளில் சுற்றி நீட்டினார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் களி மாதிரி மென்மை. கடலை மாவு ருசி தெரிந்த நாக்குக்கு வேறு அறிமுகமே தேவையில்லை. விலையும் இரண்டு மூன்று யூரோவுக்குள்தான்.

அப்புறம் கபொனாத்தா: கத்தரிக்காயைப் பொரித்து, செலரித்தண்டு, தக்காளி, ஆலிவ், கேப்பர் மொட்டு சேர்த்து, வினிகரும் சர்க்கரையும் விட்டுச் செய்யும் புளிப்பும் இனிப்புமான கூட்டு. மறுநாள்தான் ருசி கூடும். கத்தானியாவில் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் இசை நாடகத்தின் பெயரால் அழைக்கப்படும் நோர்மா பாஸ்தாவும் கத்தரிக்காய்தான், மேலே துருவிய உப்பு ரிக்கொத்தா.

இனி எச்சரிக்கை. ஸ்ஃபின்சியோனே என்ற தடித்த ரொட்டி வெறும் தக்காளி, வெங்காயம் போலத் தெரியும், உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். வெண்ணெய் அரிசி உருண்டை என்று எழுதியிருந்தாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டு இருப்பது வழக்கம். கன்னோலி இனிப்பின் மேலோட்டு மாவில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், சில ரொட்டிகளிலும் அப்படித்தான். "ஸ்த்ருத்தோ இருக்கிறதா?" என்று கேளுங்கள், அந்தக் கொழுப்புக்கு அதுதான் பெயர். "சென்சா கார்னே, சென்சா பேஷே" என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும்.

ஹலால் கிடைக்குமா?

பலெர்மோ, கத்தானியா, மசாரா ஆகிய ஊர்களில் வட ஆப்பிரிக்க, வங்கதேசக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் ஹலால் இறைச்சிக் கடைகள் உண்டு. மற்ற ஊர்களில் மீனும் காய்கறியும் பாதுகாப்பான வழி. மண்ணீரல் வைத்த ரொட்டி, கனலில் சுட்ட ஆட்டுக்குடல் போன்ற தெருப் பண்டங்களை ஹலால் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

அரிசி உருண்டையை அரஞ்சீனா என்பதா, அரஞ்சீனோ என்பதா?

பலெர்மோவில் அரஞ்சீனா, உருண்டையாக இருக்கும். கத்தானியாவில் அரஞ்சீனோ, பெரும்பாலும் எரிமலை போலக் கூம்பாக இருக்கும். ஊர் மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள்.

காலை உணவுக்கு ஐஸ் சாப்பிடுகிறார்களாமே?

கிரனீத்தா. ஐஸ்கிரீம் இல்லை, பால் இல்லாமல் பழச்சாறு, பாதாம் அல்லது காபியைச் சர்க்கரைத் தண்ணீரோடு உறைய வைத்துக் கிளறிச் செய்வது. கிழக்குக் கரையில், மெசினாவிலும் கத்தானியாவிலும், வெயில் காலத்தில் காலைச் சாப்பாடே இதுதான். கூடவே தலையில் சின்னக் கொண்டை வைத்த மாதிரி ஒரு இனிப்பு பன் தருவார்கள். அந்தக் கொண்டைக்கு அவர்கள் மொழியில் துப்போ என்றே பெயர். முதலில் கொண்டையைக் கிள்ளி கிரனீத்தாவில் முக்கிச் சாப்பிட வேண்டும். பாதாம் கிரனீத்தா கேளுங்கள். ஜூன் மாதம் போனால் கறுப்பு முசுக்கொட்டைப் பழத்தில் செய்தது கிடைக்கும், அதைத் தவறவிடாதீர்கள். பன்னில் முட்டையும் சில இடங்களில் கொழுப்பும் உண்டு.

வட ஆப்பிரிக்க உணவான கூஸ்கூஸ் சிசிலியில் எப்படி?

மேற்கு முனையிலிருந்து ஆப்பிரிக்கக் கரை பக்கம், அதனால். திராபானிப் பெண்கள் ரவையை அகலமான மண் தட்டில் போட்டுத் தண்ணீர் தெளித்து விரல் நுனியால் சுழற்றிச் சுழற்றி மணியாக்குவார்கள். துளையிட்ட மண் பானையில் ஆவியில் வேகவைத்து, பல வகை மீன் போட்ட சாறு ஊற்றி மூடி வைப்பார்கள். பக்கத்தில் சான் வீத்தோ லோ காப்போ ஊரில் செப்டம்பரில் கூஸ்கூஸ் விழா, 1998இல் தொடங்கியது. அந்த வாரம் அந்த ஊரில் அறை கிடைப்பது கஷ்டம்.

உணவகங்கள் எத்தனை மணிக்குத் திறக்கும்?

மதியம் ஒரு மணிக்குமேல், இரவு எட்டு மணிக்குமேல். இடையில் பல கடைகளும் சிறிய கோயில்களும் மூடிவிடும். ரசீதில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ "கோபெர்த்தோ" என்று இருந்தால் ஏமாற்று இல்லை, உட்கார்ந்து சாப்பிடுவதற்கான கட்டணம்.

தங்க என்னென்ன வகை இடங்கள் இருக்கின்றன?

விடுதிகள் எல்லா ஊரிலும் உண்டு, அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. சிசிலியில் என் முதல் தேர்வு எப்போதும் அக்ரிதூரிஸ்மோ, அதாவது பண்ணை வீடு. 1985இல் இதற்கென்றே இத்தாலியில் தேசியச் சட்டம் வந்தது. விவசாயம்தான் அங்கே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினரைத் தங்கவைப்பது துணைத் தொழில், சாப்பாட்டில் பெரும்பங்கு சொந்தப் பண்ணையிலோ அக்கம்பக்கத்திலோ விளைந்ததாக இருக்க வேண்டும். சும்மா பெயர் மட்டும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். என்ன பயிர் செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி எழுதிக் கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

தீவின் நடுப்பகுதியில் ஆடு வளர்க்கும் பண்ணை ஒன்றில் தங்கியிருந்தபோது, காலை ஏழு மணிக்கு வீட்டு அம்மா கதவைத் தட்டிக் கூப்பிட்டார். பெரிய செப்புக் கொப்பரையில் மோர்த்தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்னால், ரிக்கொத்தா வெள்ளை மேகமாகத் திரண்டு மேலே மிதந்து வந்தது. கிண்ணத்தில் முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் அகப்பையால் அள்ளி ஊற்றினார். சர்க்கரை இல்லை, உப்பு இல்லை. அந்தச் சூட்டில் அப்படியே சாப்பிட வேண்டும். அந்தக் கிண்ணத்தை நினைத்துக்கொண்டுதான் மறுபடி மறுபடி போகிறேன்.

நகரத்தில் என்றால் சமையலறை உள்ள வாடகை வீடு. பலெர்மோவில் பல்லாரோ, காப்போ சந்தைகளிலிருந்து ஐந்து பத்து நிமிட நடை தூரத்தில் பாருங்கள். அடுப்பில் சுட்ட முழு வெங்காயம், அவித்த உருளை, அவித்த கூனைப்பூ எல்லாம் சந்தையிலேயே தயாராக விற்பார்கள். பல்லாரோ பக்கத்து ஆசியக் கடைகளில் மிளகாய்த்தூளும் பருப்பும் அரிசியும் கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. சந்தைக்கு மேலேயே அறை எடுக்காதீர்கள். வியாபாரிகள் விடிகாலையிலேயே கூவ ஆரம்பிப்பார்கள், இரவில் பாட்டுச் சத்தம்.

எத்னா எரிமலையைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தென்சரிவில் 1,900 மீட்டர் உயரத்தில் மலை விடுதி உண்டு. பந்தெல்லெரியா தீவில் தம்முசோ என்ற எரிமலைக்கல் வீடுகள். சுவர் முழங்கை நீளத்துக்குமேல் தடிப்பு, கூரை கவிழ்த்த கிண்ணம் போல. மழைநீர் அதில் வழிந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகும்.

அறை பதிவு செய்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

தண்ணீர். கோடையில் சிசிலியில் இது நிஜமான கேள்வி. 2024 வறட்சியில் அக்ரிஜெந்தோ பகுதியில் வீடுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், தங்கும் விடுதிகள் சில விருந்தினரைத் திருப்பியனுப்ப வேண்டி வந்தது. மாடியில் தொட்டி இருக்கிறதா, எத்தனை நாளுக்கு வரும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்து லிஃப்ட். பழைய மாளிகைகளில் மூன்றாம் மாடி என்றால் கூரை உயரத்தால் நம் ஐந்தாம் மாடிக்குச் சமம். பெரியவர்களோடு போனால் கட்டாயம் கேளுங்கள். பிறகு குளிர்சாதனம், அது தனிக் கட்டணமா என்பது. ஊர் நிர்வாகம் விதிக்கும் தங்கல் வரி ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டுப் பெரும்பாலும் அங்கே போனபின் வாங்குவார்கள், ஊருக்கு ஊர் மாறும். குறுகிய காலத்துக்கு விடும் வீடுகளும் அரசுப் பதிவு எண் பெற்று விளம்பரத்தில் போட வேண்டும் என்பது இப்போது விதி. அந்த எண் இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை ஏன் கேட்கிறார்கள்?

தங்குகிறவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட வேண்டும், கையில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கார் வேண்டுமா?

நகரங்கள் மட்டும் என்றால் வேண்டாம். பலெர்மோவுக்கும் கத்தானியாவுக்கும் இடையே ரயிலும் பேருந்தும் மூன்று மணி நேரத்தைச் சுற்றி எடுக்கும். பண்ணை வீட்டுக்கு கார் இல்லாமல் போவது சிரமம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்லுங்கள். பழைய நகரப் பகுதிகளில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையலாம் என்ற எல்லை உண்டு. கேமரா படம் எடுக்கும், அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

இத்தாலிப் பெருநிலத்திலிருந்து ரயிலில் வருவதானால் மெசினா நீரிணையைக் கவனியுங்கள். ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் ஏற்றிக் கடக்கிறார்கள். நீங்கள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம்.

சின்னத் தீவுகளில் எதற்குப் போகலாம்?

ஏழு எயோலியத் தீவுகளுக்கு மிலாத்சோ துறைமுகத்திலிருந்து படகு. முதல் முறை என்றால் சலீனா: இரட்டை மலை, கேப்பர் தோட்டங்கள், அமைதி. அலிக்கூதியில் வண்டிச்சாலையே கிடையாது, கல் படிகள்தான், பெட்டியைக் கோவேறு கழுதை சுமக்கும். காற்று பலமானால் படகுகள் நின்றுவிடும். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் சின்னத் தீவில் தங்காதீர்கள்.

விசா?

ஷெங்கன் விசா. 180 நாளில் 90 நாள் வரை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை.

மாஃபியா பயம் உண்டா?

சுற்றுலா போகிறவருக்கு இல்லை. கூட்ட நெரிசலில் பணப்பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாஃபியா பொம்மை போட்ட சட்டை, கோப்பை எல்லாம் வாங்காதீர்கள். பலெர்மோ விமான நிலையத்துக்கு ஃபல்கோனே, போர்செல்லீனோ என்று பெயர். 1992இல் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட இரு நீதித்துறை அதிகாரிகள் அவர்கள். பல கடைக் கதவுகளில் "அத்தியோபீத்சோ" என்ற ஒட்டுத்தாள் பார்ப்பீர்கள். மாமூல் கொடுக்க மாட்டோம் என்று 2004இல் தொடங்கிய இயக்கத்தில் சேர்ந்த கடைகள் அவை. நான் முடிந்தவரை அங்கேதான் வாங்குகிறேன்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

மோதிக்கா சாக்லேட். அதிகச் சூடு காட்டாமல் அரைப்பதால் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறக்கும், பெரும்பாலும் பால் சேர்க்காதது, வெயிலிலும் கொஞ்சம் தாங்கும். ப்ரோந்தே ஊர்ப் பிஸ்தா விலை அதிகம். அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடை. பிஸ்தாப் பசை பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் திரவம் என்று எடுத்துவிடுவார்கள். திராபானி உப்பு, பந்தெல்லெரியாவின் உப்பிட்ட கேப்பர் மொட்டு இரண்டும் மாதக்கணக்கில் கெடாது. கேப்பரைச் சமைப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும்.